நடந்து போகிறவனுக்கு ஒரு பாலம்

மாலை ஐந்தரை மணி. திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் மணி அடிக்கிறது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள் ஒரு மிடறு தேநீர் குடித்துவிட்டு மீண்டும் உள்ளே போகிறார்கள். ஒரு ஷிப்டோடு முடித்தவர்கள் வெளியே வருகிறார்கள். சட்டையிலே பஞ்சுத் தூசி, தலைமயிரிலே பஞ்சுத் தூசி, கையிலே காலித் தூக்குப்போசி. வண்டி வைத்திருப்பவர் வண்டியில் பறக்கிறார். பேருந்து கிடைத்தவர் தொற்றிக்கொண்டு போகிறார். மற்றவர் நடக்கிறார்.

வேலை இக்கரையில், வீடு அக்கரையில். இடையிலே நொய்யல். அதைக் கடந்தாக வேண்டும். பெரிய பாலத்தின் மீது லாரியும் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் முட்டி மோதிக்கொண்டு போகின்றன. நடக்கிறவன் ஓரத்திலே ஒடுங்கி, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே போகவேண்டும். தரைப்பாலத்து வழியாகப் போகலாம் என்றால், மேற்கே மலையில் நல்ல மழை பெய்த மறுநாள் அந்தப் பாலம் தண்ணீருக்குள்ளே இருக்கும்.

தோழர்களே! "நடப்பவருக்கென்று ஒரு பாலம் கட்டுங்கள்" என்று நாம் கேட்டால், "இதுவும் ஒரு கோரிக்கையா? கூலி உயர்வு கேட்கவேண்டியவர்கள் பாலம் கேட்கிறார்களே!" என்று கேலி பேசுவோர் உண்டு. இன்னொரு புறம், நாம் கேட்காமலே நடைபாலம் கட்டித் தருவதாகக் கூறிடுவோரும் உண்டு. ஆற்றங்கரையைச் செப்பனிடுவார்களாம், பூச்செடி வைப்பார்களாம், வண்ண விளக்கு எரிய விடுவார்களாம், வளைந்து நெளிந்த பாலம் ஒன்றை அதன்மேல் நிறுத்துவார்களாம். மாலை நேரத்தில் சீமான்கள் காற்று வாங்கவும், படம் எடுத்து மகிழவும்!

அழகு வேண்டாம் என்போர் அல்லர் நாம். பாட்டாளியின் கண்ணுக்கும் அழகு தெரியும். ஒரு பனியனில் ஒரு தையல் கோணினால், ஆயிரத்தில் அந்த ஒன்றைக் கண்டு தள்ளிவைக்கும் கண் அது. நம் கேள்வி மூன்றே மூன்று. பாலத்தின் கீழே ஓடுவது என்ன? பாலத்தின் மேலே நடப்பவர் யார்? பாலம் வருமுன்னே அந்தக் கரையிலே வாழ்ந்தவர் எங்கே?

இந்த மூன்றுக்கும் விடை சொல்லாத பாலம், கல்யாண வீட்டு வாசலில் கட்டிய வாழை மரம் போன்றது. பார்வைக்குப் பச்சையாக இருக்கும். வேர் இராது.

பாம்பு காட்டிய வழியா?

நம் கொங்கு நாட்டுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் கலை புதிதன்று. ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் வாய்க்காலைக் காணாதவர் யார்? காவிரியோடு பவானி கூடும் இடத்தருகே அணை கட்டி, அங்கிருந்து கொடுமுடிப் பக்கம் வரை 56 மைல், அதாவது 90 கிலோமீட்டர் தூரம் வெட்டப்பட்ட வாய்க்கால் அது. 1271இல் தொடங்கி 1283இல் முடித்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. 15,000 ஏக்கருக்கு மேல் இன்றும் அதனால் பாய்கிறது. 700 ஆண்டுகளைக் கடந்து, அரசுகள் பல வந்து போன பின்னும், அந்த வாய்க்கால் இருக்கிறது.

அந்த வாய்க்கால் நேராகப் போவதில்லை. வளைந்து வளைந்து போகிறது. ஏன்? பாம்பு ஒன்று முன்னே ஊர்ந்து வழி காட்டியதாம், அது போன தடத்திலேயே வெட்டினார்களாம். ஊரிலே இன்றும் சொல்லும் கதை இது!

பாம்புக்கு வாய்க்கால் வெட்டத் தெரியுமா, தோழர்களே? தெரிந்திருந்தால் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர் எதற்கு? மகுடி வாசிப்பவன் போதுமே! மேட்டையும் பள்ளத்தையும் அளந்து, நீர்மட்டம் சட்டென்று இறங்கிவிடாதபடி, மேட்டின் ஓரமாகவே வாய்க்காலை வளைத்து வளைத்துக் கொண்டுபோன அறிவு அது. நேராக வெட்டியிருந்தால் தண்ணீர் விரைந்து ஓடி ஆற்றிலேயே விழுந்திருக்கும். வளைத்ததால் மெல்ல நடந்தது. மெல்ல நடந்ததால் பல ஊர் வயல்களைத் தொட்டது. அந்தக் கணக்கைப் போட்டவனும், மண்வெட்டி பிடித்தவனும், கூடை சுமந்தவளும் மனிதர்கள். புகழை மட்டும் பாம்புக்குக் கொடுத்துவிட்டார்கள். உழைத்தவன் பெயரை மறைத்து, ஊர்ந்ததற்குப் பெயர் கொடுப்பது இந்த நாட்டின் பழைய வழக்கம் அல்லவா?

அந்தக் காலிங்கராயனைப் பற்றி இன்னொரு செய்தியும் வழங்குகிறது. தன் சொந்த நலனுக்காகவே வாய்க்கால் வெட்டினான் என்ற பேச்சு வரலாகாது என்பதற்காக, தானும் தன் வழியினரும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டு, பொள்ளாச்சிப் பக்கம் ஊற்றுக்குளிக்குப் போய்விட்டானாம். இதுவும் கதையே என்று வைத்துக்கொண்டாலும், பாம்புக் கதையைவிட மேலான கதை. பொதுப்பணத்தில் பொது வேலை செய்கிறவன் அதிலே பங்கு கேட்கலாகாது என்ற நீதியை ஊர் மக்கள் இத்தனை நூற்றாண்டு நினைவிலே வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் எடுப்போரும் ஒப்பந்தம் கொடுப்போரும் ஒருமுறை ஊற்றுக்குளிக்குப் போய் வந்தால் நல்லது.

அத்தகைய வாய்க்காலை நம் காலத்தில் என்ன செய்தோம்? தோல் பதனிடும் ஆலைகளும் சாயப்பட்டறைகளும் தங்கள் கழிவை அதிலே விட்டன. 13ஆம் நூற்றாண்டுக்காரன் தந்ததை 20ஆம் நூற்றாண்டுக்காரன் சாக்கடை ஆக்கினான். பிறகு விழித்துக்கொண்டு கரைக்குக் கான்கிரீட் போட்டார்கள். கழிவு நீர் கலவாதிருக்க, பக்கத்திலேயே சிறு வாய்க்கால் ஒன்றும் வெட்டினார்கள். "பேபி வாய்க்கால்" என்று அதற்குப் பெயர். நல்ல நீருக்கு ஒரு வழி, கெட்ட நீருக்கு ஒரு வழி! ஒரு வாய்க்காலைக் காப்பாற்ற இன்னொரு வாய்க்கால் வெட்டவேண்டி வந்ததே என்று வருந்தவும் வேண்டும். அதையாவது செய்தார்களே என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். ஒன்றை மறவாதீர். பழைய நீர்வழியை மீட்பது என்றால் முதலில் கழிவை மறிப்பது. கரைக்குக் கல் பதிப்பது அதற்கு அடுத்த வேலை. பாலம் அதற்கும் அடுத்தது.

நொய்யலின் கதை

வாய்க்காலைவிட மூத்தது ஆறு. வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறந்து, கோவையைக் கடந்து, திருப்பூரைக் கடந்து, கரூர் மாவட்டத்து நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலப்பது. அதன் கரையிலேதான் சென்னிமலைக்கு அருகே கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் அதுவே என்பர் அறிஞர். அங்கே தோண்டிய இடத்தில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கல் பட்டை தீட்டிய பட்டறைகளும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. தன் பெயரைத் தானே பானையில் எழுதிக்கொண்ட தொழிலாளி வாழ்ந்த கரை அது! 2,000 ஆண்டுகளுக்கு முன்பே தொழில் நகரம் இருந்த ஆற்றங்கரையில்தான் இன்றைய தொழில் நகரமும் இருக்கிறது.

அந்தக் கரையிலேதான் 1932 ஜனவரி 10ஆம் நாள் கொடியேந்தி வந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை குமரன் தடியடிக்கு ஆளாகி, மறுநாள் உயிர் துறந்தார். அதே திருப்பூரில்தான் 1934இல் செங்குந்தர் இளைஞர் மாநாட்டின்போது பெரியாரும் அண்ணாவும் முதன்முதல் சந்தித்தனர். அதே திருப்பூரில்தான் 1984இல் பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர் 127 நாட்கள் வேலை நிறுத்தம் செய்தனர். நூற்றிருபத்தேழு நாட்கள்! அடுப்பெரியாத வீடுகளில் இருந்து நடந்து வந்து, வாயிலிலே நின்று, நடந்தே திரும்பினர். இத்தனையும் கண்ட ஆறு நொய்யல்.

அந்த ஆற்றிலே 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அணை ஒன்று கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர்ப் பகுதி நிலங்கள் செழிக்கும் என்றார்கள். அணை நிரம்பியது, உண்மை! ஆனால் எதனால் நிரம்பியது? சாயக் கழிவினால் நிரம்பியது. "அணையைத் திற, தண்ணீர் விடு" என்று உழவன் கேட்பதுதான் உலக வழக்கம். "அணையைத் திறக்காதே, எங்கள் நிலத்தைக் கெடுக்காதே" என்று உழவன் மன்றாடிய விந்தையை இந்த நாடு அங்கே கண்டது. கிணறு கரித்தது. தென்னை கருகியது. மாடு மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

உழவர்கள் வழக்கு மன்றம் சென்றனர். 1996இல் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. பாதிக்கப்பட்டோர் என்று 28,596 உழவர்களைக் கணக்கிட்டு இழப்பீடு வகுத்தது, அதற்கென அமைத்த ஆணையம். 2006இல், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறலாகாது என்று உயர்நீதி மன்றம் கூறிற்று. 2009இல் உச்சநீதி மன்றமும் அதை உறுதி செய்தது. சொன்னபடி நடக்கவில்லை. 2011 ஜனவரி 28ஆம் நாள், சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடுக என்று ஆணை பிறந்தது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

மூடியது பட்டறைக் கதவு மட்டுமா? சாயம் ஏறாத துணி கட்டிங் மேசைக்கு வராது. கட்டிங் இல்லையேல் தையல் இல்லை. தையல் இல்லையேல் செக்கிங், அயர்ன், பேக்கிங் ஏதும் இல்லை. பல்லாயிரம் தொழிலாளர் வேலை இழந்தனர். முதலாளி வேறு ஊருக்குத் துணியை அனுப்பிச் சாயம் ஏற்றினான். தொழிலாளி எங்கே போய்த் தன் வயிற்றை நிரப்புவான்?

அப்போது சிலர் ஒரு பொல்லாத பேச்சை மெல்லப் பரப்பினர். "உன் வேலையைக் கெடுத்தவன் உழவன்" என்று தொழிலாளியிடம் சொன்னார்கள். "உன் கிணற்றைக் கெடுத்தவன் தொழிலாளி" என்று உழவனிடம் சொன்னார்கள். தோழர்களே, ஆற்றிலே கழிவைத் திறந்துவிடும் சக்கரம் தொழிலாளியின் கையிலா இருந்தது? சுத்திகரிக்கும் செலவை மிச்சம் பிடித்த பணம் தொழிலாளியின் பையிலா விழுந்தது? கழிவுத் தண்ணீரில் முழங்கால் வரை நின்றவன் அவன். கையிலே சாயக் கறையும் மார்பிலே இருமலும் அவனுக்கு. உழவன் இழந்தது கிணறு, தொழிலாளி இழந்தது கூலி. இருவரும் ஒரே கணக்கில் நட்டப்பட்டவர்கள். லாபக் கணக்கு எழுதியவன் வேறு ஒருவன்.

கண்ணுக்குத் தெரியாத உப்பு

பாலம் பற்றிப் பேச வந்தவன் சாயத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறான் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு.

பருத்தி நூல் சாயத்தை எளிதில் பிடித்துக்கொள்ளாது. உப்புப் போட்டால்தான் சாயம் நூலிலே ஏறும். சாயப்பட்டறைத் தோழர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, மூட்டை மூட்டையாகச் சுமந்தவர்கள் அவர்கள். சாயம் துணியோடு போகிறது. உப்பு துணியோடு போவதில்லை, தண்ணீரோடு போகிறது. நிறத்தை நீக்குவது ஒரு வேலை. உப்பை நீக்குவது அதைவிடக் கடினமான வேலை. மெல்லிய சவ்வின் வழியே தண்ணீரை அழுத்திப் பிழிந்து, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, உப்பைத் தனியே எடுத்து, தண்ணீரை மீண்டும் பட்டறைக்கே அனுப்பவேண்டும். அதற்கான நிலையங்கள் திருப்பூரில் அமைந்தன. அதன் பிறகே பட்டறைகள் திறந்தன. மின்சாரமும் விறகும் பணமும் தின்னும் வேலை அது. செலவு மிகுந்த வேலை எதுவோ, அதைத்தான் இரவோடு இரவாக ஏய்க்கும் ஆசையும் சிலருக்கு வரும். ஆகவே விழிப்பு வேண்டும்.

இங்கேதான் பாலத்தின் பொருள் வருகிறது. பாலத்தின் மேல் நின்று குனிந்து பார்க்கிறவனுக்கு நிறம் தெரியும். உப்புத் தெரியாது. சிவப்பாகவோ நீலமாகவோ ஓடினால், "ஐயோ, கெட்டது ஆறு" என்பான். வெளுத்து ஓடினால், "ஆகா, மீண்டது ஆறு" என்று படம் பிடித்துக்கொண்டு போவான். 30 மைல் கிழக்கே அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிறவனுக்கே உண்மை தெரியும். பார்த்துப் போகிறவனுடைய ஆறு வேறு, பாய்ச்சி வாழ்கிறவனுடைய ஆறு வேறு. முன்னவன் கண்ணை மட்டும் நிறைவு செய்யும் பாலம் பொய்ப் பாலம்.

கடல் கடந்த ஓர் ஓடை

இனி உங்களைச் சற்றுத் தொலைவுக்கு அழைத்துப் போகிறேன். தென் கொரிய நாட்டுத் தலைநகர் சியோல். அந்நகரின் நடுவே சோங்கியேசோன் என்று ஓர் ஓடை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசர்கள் தூர்வாரிக் கரை கட்டிய பழைய நீர்வழி. 1950இல் மூண்ட போரில் வீடிழந்த ஏழைகள் அதன் கரையிலே குடிசை போட்டனர். ஓடை நாறியது. 1958 முதல் அரசு அதன்மேல் கான்கிரீட் போட்டு மூடத் தொடங்கியது. பிறகு அந்த மூடியின் மேல் தூண் நிறுத்தி, உயரத்திலே ஒரு பெருஞ்சாலையும் போட்டது. குடிசைவாசிகளை நகருக்கு வெளியே வெகு தொலைவில் கொண்டுபோய் இறக்கினர். அங்கே வேலையும் இல்லை, வசதியும் இல்லை. 1971இல் அந்த மக்கள் கிளர்ந்தெழுந்தனர்.

மூடிய ஓடையின் ஓரத்தில் எழுந்தது ஒரு துணிச் சந்தை. பியோங்வா சந்தை என்று பெயர். "அமைதிச் சந்தை" என்று பொருள். பெயரிலே அமைதி! உள்ளே? நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்ந்த பரண்கள். அந்தப் பரண்களில் தையல் எந்திரங்கள். 13, 14 வயதுச் சிறுமிகள். நாளுக்கு 14 மணி, 15 மணி நேர வேலை. அந்தச் சிறுமிகளை அங்கே "சிடா" என்பார்கள். தைக்கிறவளுக்கு உதவியாக, துணி எடுத்துக் கொடுத்து, மடித்து, நூல் வெட்டி நிற்கிறவள். நம் திருப்பூரில் இதற்குப் பெயர் என்ன? கைமடி! கடலுக்கு அப்பால் வேறு மொழி பேசுகிற நாட்டிலும் கைமடி இருந்தாள். அவளுக்கும் அதே பசி, அதே தூக்கம், அதே இருமல்.

அங்கே துணி வெட்டும் வேலையில் இருந்தான் ஓர் இளைஞன். ஜியோன் டே-இல் என்பது பெயர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கட்டிங் மாஸ்டர். பசியோடு வேலை செய்யும் சிறுமிகளைக் காணப் பொறுக்காமல், தன் பஸ் காசில் அவர்களுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவிலே மணிக்கணக்காக நடந்தே வீடு போவான். நடந்து போகிறவன்! இந்தக் கட்டுரையின் தலைப்பிலே இருக்கிற மனிதன் அவன்தான், தோழர்களே. அவன் நொய்யற்கரையிலும் இருக்கிறான், சியோல் நகரிலும் இருந்தான்.

அந்நாட்டிலே தொழிலாளர் சட்டம் என்று ஒன்று 1953 முதல் இருப்பது அவனுக்குத் தெரியவந்தது. எட்டு மணி நேர வேலை என்று அதிலே எழுதியிருந்தது. சட்டம் இருந்தும் அறியாமல் இருந்தோமே என்று 1969இல் நண்பர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தான். சங்கத்துக்கு "முட்டாள்கள் சங்கம்" என்றே பெயரிட்டான். மனுக் கொடுத்தான். கணக்கெடுத்தான். அதிகாரிகளின் கதவைத் தட்டினான். எவரும் திறக்கவில்லை. 1970 நவம்பர் 13ஆம் நாள், அந்தச் சட்டப் புத்தகத்துக்கும் தன் உடலுக்கும் தீ வைத்துக்கொண்டான். நாங்கள் எந்திரங்கள் அல்லர் என்று முழங்கிக்கொண்டே விழுந்தான். வயது 22.

உயிரைப் போக்கிக்கொள்வதை நாம் ஒருபோதும் வழியாகக் கூறமாட்டோம். உயிரோடு இருந்து போராடுபவனே இயக்கத்துக்கு வேண்டும். ஆனால் ஓர் இளைஞனை அந்த நிலைக்குத் தள்ளிய கதவடைப்பை மறக்கவும் மாட்டோம். அதே மாதத்தில் அங்கே தையல் தொழிலாளர் சங்கம் எழுந்தது. அவனைப் பெற்ற தாய் லீ சோ-சன், 2011இல் தான் கண் மூடும்வரை 40 ஆண்டுகள் தொழிலாளர் போராட்டங்களில் முன் நின்றார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2003இல் அந்த உயர்சாலையை இடிக்கத் தொடங்கினர். மூடியைப் பெயர்த்தனர். 2005 அக்டோபர் 1ஆம் நாள் ஓடை மீண்டும் வெளிச்சம் கண்டது. ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளம், 22 பாலங்கள். பழைய கல்பாலம் ஒன்றும் மீட்கப்பட்டது. உலகமெங்கும் இருந்து பார்க்க வருகிறார்கள். நகரின் சூடு தணிந்தது, மீன் வந்தது, பறவை வந்தது. எல்லாம் உண்மை. அந்தப் புகழிலேயே நகரின் மேயர் 2007 தேர்தலில் வென்று நாட்டின் ஜனாதிபதி ஆனார். ஓர் ஓடையைத் திறந்தவருக்கு அரண்மனைக் கதவே திறந்தது!

ஆனால் நம் மூன்று கேள்விகளை அங்கேயும் கேட்போம். கீழே ஓடுவது என்ன? பெரும்பகுதி ஆற்றிலிருந்து நாள்தோறும் எந்திரத்தால் இறைத்து விடும் தண்ணீர். எந்திரம் நின்றால் ஓடை வற்றும். கரையிலே இருந்தவர் எங்கே? தெருவோர வணிகர் கூட்டம் ஒரு விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டது. சில ஆண்டுகளில் அந்த அரங்கையும் இடித்து, அவர்களை மீண்டும் கிளப்பினார்கள். ஏழைக்கு மட்டும் இரண்டு முறை வெளியேற்றம்!

மேலே நடப்பவர் யார்? இந்த ஒரு கேள்விக்கு அங்கே நல்ல விடை ஒன்று கிடைத்திருக்கிறது. அந்த 22 பாலங்களில் ஒன்றன் மேல், பழைய சந்தைக்கு எதிரே, ஜியோன் டே-இல்லின் வெண்கலச் சிலை நிற்கிறது. மன்னர் சிலை அன்று, மேயர் சிலை அன்று. துணி வெட்டிய தொழிலாளியின் சிலை! அந்தப் பாலத்தையே அவன் பெயரால் மக்கள் அழைக்கிறார்கள். நடந்து வீடு போனவனுக்கு ஒரு பாலம் கிடைத்தது, 35 ஆண்டு கழித்து. அதுவும் தானாகக் கிடைக்கவில்லை. தொழிலாளர் கேட்டார்கள், கிடைத்தது.

நாம் கேட்பது என்ன?

திருப்பூருக்கு வருவோம். 2017இல் "ஸ்மார்ட் சிட்டி" பட்டியலில் திருப்பூரும் சேர்க்கப்பட்டது. சீர்மிகு நகரம்! சீர் யாருக்கு என்று கேட்பது நம் கடமை. ஆட்சியிலே எவர் இருப்பினும், நம்மவரே இருப்பினும், கேட்டுத்தான் தீரவேண்டும்.

முதலாவது, நொய்யல் மீது எங்கே பாலம் கட்டினாலும், அதன் முகப்பிலே ஒரு பலகை வையுங்கள். அன்றன்றைய தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று, படித்தவனும் படிக்காதவனும் புரிந்துகொள்ளும்படி நல்ல தமிழில் எழுதுங்கள். பால் கடையில் விலை எழுதுகிறார்கள், சினிமாக் கொட்டகையில் காட்சி நேரம் எழுதுகிறார்கள். ஆற்றின் நிலையை எழுதுவதற்கு என்ன கூச்சம்? எழுதிவிட்டால் இரவிலே திறந்துவிட நினைப்பவனுக்கும் அச்சம் வரும்.

இரண்டாவது, பூங்கா எங்கே இருக்கிறதோ அங்கே பாலம் என்பதை விட்டு, தொழிலாளி எங்கே கடக்கிறானோ அங்கே பாலம் என்று வையுங்கள். படி மட்டும் போதாது, சைக்கிள் தள்ளிக்கொண்டு போகச் சரிவும் வேண்டும். வண்ண விளக்கு ஒன்பது மணிக்கு அணைந்துவிடும். எட்டரை மணி ஷிப்ட் முடித்து வரும் பெண்ணுக்கும், இரவு ஷிப்ட் முடித்து விடிகாலையில் வருபவனுக்கும் வெறும் வெள்ளை விளக்கு போதும், ஆனால் விடியும் வரை எரியவேண்டும். பாலத்துக்கு நுழைவுக் கட்டணம் என்ற பேச்சே கூடாது.

மூன்றாவது, கரையிலே குடிசை போட்டு வாழ்பவரை "ஆக்கிரமிப்பாளர்" என்று ஒரு சொல்லால் துடைத்து எறியாதீர். அவர்கள் அங்கே வந்தது காற்று வாங்க அன்று. கம்பெனிக்கு நடந்து போகும் தூரத்தில் வாடகை கொடுக்க முடியாததால் வந்தார்கள். வெள்ளம் வரும் இடத்தில் அவர்கள் வாழவேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. 1970இல் இந்த நாட்டிலே குடிசை மாற்று வாரியம் பிறந்தது. குடிசையை மாற்று என்பதே அன்று அதற்கு இட்ட பெயரின் பொருள், குடியிருப்பவனை ஊரைவிட்டுத் துரத்து என்பது அன்று. 10 மைலுக்கு அப்பால் வீடு கொடுத்தால், அவன் கூலியில் ஒரு பங்கைப் பயணம் தின்னும், அவன் பிள்ளையின் பள்ளியைத் தூரம் தின்னும். வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கொடு. அதன் பிறகு பூச்செடி வை. வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

வடபுலத்திலிருந்து வந்து இங்கே உழைக்கும் தோழர்களையும் இந்தக் கணக்கிலே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரிசாவும் பீகாரும் விட்டு வந்தவன் பேசும் மொழி வேறு. ஆதிக்கம் செய்ய வந்த மொழியை எதிர்ப்போம். அடுப்பெரிக்க வந்த மனிதனை எதிர்க்கமாட்டோம். ஆற்றைக் கடக்கும்போது அவன் காலும் நம் காலும் ஒரே சேற்றில்தான் படுகின்றன.

பாலத்துக்கு ஒரு பெயர்

கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தீர்மானம் போடுவது எளிது, சுவரொட்டி ஒட்டுவதும் எளிது. அவற்றுக்கு முன்னே, ஒரு வேலைநாளில் காலை எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை, உங்கள் பகுதியில் மக்கள் ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நில்லுங்கள். நடந்து கடப்போர் எத்தனை பேர்? பெண்கள் எத்தனை? பள்ளிப் பிள்ளைகள் எத்தனை? சைக்கிளைத் தள்ளிப் போவோர் எத்தனை? எண்ணுங்கள், எழுதுங்கள். மாலையும் அவ்வாறே செய்யுங்கள். அந்தக் கணக்கைக் கொண்டுபோய் மாநகராட்சி மன்றத்தில் வையுங்கள். "முட்டாள்கள் சங்கம்" என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த அறிவாளி முதலில் செய்ததும் கணக்கெடுப்புத்தான். மேடைப் பேச்சை மறுத்துப் பேசலாம். எண்ணி எழுதிய கணக்கை மறுப்பது கடினம்.

பாலம் வந்தபின் பெயர் வைக்கும் போட்டி வரும். தலைவர் பெயர் வைக்கலாம் என்பார் ஒருவர், இன்னார் தந்தை பெயர் வைக்கலாம் என்பார் இன்னொருவர். நம் தலைவர்கள் பெயர் தாங்கிய சாலைகள் ஏராளம் உண்டு. அவர்கள் புகழுக்கு இன்னும் ஒரு பலகை தேவையில்லை.

காலிங்கராயன் வாய்க்காலை வெட்டிய கூலியாளின் பெயர் நமக்குத் தெரியாது. கொடுமணல் உலையில் ஊதியவன் தன் பெயரைப் பானையில் எழுதினான், பானை உடைந்தும் பெயர் மிஞ்சியது. நூல் வெட்டி, துணி மடித்து, டெய்லரின் வசவையும் வாங்கிக்கொண்டு தொழில் கற்ற பிள்ளைகளின் தோளிலேதான் இந்தத் திருப்பூர் நிமிர்ந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எங்கும் சிலை இல்லை, தெருவின் பெயர்கூட இல்லை.

ஆகவே நான் ஒரு பெயர் சொல்கிறேன். கைமடிப் பாலம்.

அந்தப் பலகைக்குக் கீழே, அன்றைய தண்ணீரின் உப்புக் கணக்கும் எழுதியிருக்கட்டும். ஒரு ஷிப்ட் முடித்து, காலித் தூக்குப்போசியோடு நடந்து வருகிறவன் நின்று இரண்டையும் படிக்கட்டும். பெயரைக் கண்டு நெஞ்சு நிமிரட்டும். கணக்கு நல்லதாயின் மகிழட்டும், கெட்டதாயின் மறுநாள் சங்கத்துக்கு வரட்டும்.